சனி, வெள்ளி, நவம்பர்

என் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. எடுத்துச் சொல்ல முடியாத ஒரு வேலையை அவர் பார்த்ததுதான் தப்பு. விசாவில் சேல்ஸ்மேன் என்று போட்டிருந்தது. அந்த விசாவில் இருந்த காலம் முழுக்க அவர் ஒரு குண்டூசியைக்கூட யாருக்கும் விற்றதில்லை. நிஜமான வேலை, முட்டை மாதிரி இருக்கும் ஒரு பந்தை அணைத்துக்கொண்டு ஓடி வருகிறவனைப் பிடித்துத் தரையில் சாய்ப்பது. அமெரிக்கக் கால்பந்து. அதில் தடுப்பாட்டக்காரர். இதை ஊரிலிருக்கும் என் மாமியாருக்குப் போனில் விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"கால்பந்துங்குற, அப்புறம் கையில வச்சுக்கிட்டு ஓடுறாங்கங்குற. எம்புள்ள ஒதைப்பானா மாட்டானா?"

"ஒதைக்க மாட்டாங்க அத்தை. பந்தையே தொட மாட்டாங்க. பந்து வச்சிருக்கிறவனப் புடிச்சுக் கீழ தள்ளுவாங்க."

"அதுக்கா சம்பளம்?"

"ஆமா அத்தை."

"அதத்தான் இங்க சும்மாவே பண்ணிக்கிட்டுத் திரிஞ்சானே!"

அத்தை சொன்னது உண்மைதான். மன்னார்குடிப் பக்கத்துக் கபடி ஆட்டங்களில் இடது மூலையில் நின்று, பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிப்பதில் இவர் பேர் போனவர். பிடித்தால் குரங்குப் பிடி. அப்படியிருந்தவர் பிழைப்புக்காக அமீரகத்து அல் ஐனுக்கு வந்து, சனையா என்கிற தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். நான் அதே ஊரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸ். இரண்டு பேரும் டியூட்டிக்குப் போனோம், வந்தோம், சமைத்தோம், சாப்பிட்டோம். ஒரு குறையும் இல்லை. குறையில்லாமல் இருந்தால் சிலருக்குப் பிடிக்காது.

ஒரு விடுமுறை நாளில் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் ஒரு பூங்காவில் கபடிப் போட்டி வைத்தார்கள். அந்தப் பக்கமாக நடக்க வந்த ஒரு அமெரிக்கர் நின்று பார்த்தார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். டயர் வியாபாரம் செய்யும் ஒரு அரபி முதலாளி, அமெரிக்காவில் படித்த காலத்து ஆசையில், சொந்தமாக ஓர் அணியை வைத்திருந்தார். அதற்கு இந்த ஆசிரியர்தான் கோச். அபுதாபி, துபாய், தோஹா, தம்மாம் என்று நாலைந்து ஊர்களில் அப்படி அணிகள் இருந்தன. பெரும்பாலும் ஆசிரியர்கள், என்ஜினியர்கள், ஜிம்மில் வேலை பார்ப்பவர்கள் பொழுதுபோக்காக ஆடினார்கள். எங்கள் முதலாளி மட்டும் நாலு பேருக்குச் சம்பளமும் விசாவும் கொடுத்து வைத்துக்கொண்டார். கோச் என் வீட்டுக்காரரைப் பார்த்தார், கணுக்கால் பிடியைப் பார்த்தார். அடுத்த மாதம் இவர் அந்த நாலு பேரில் ஒருவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டார். எல்லாம் முடிவு செய்த பிறகு கேட்டார்.

"கபடி மாதிரிதான் புள்ள. பாடத் தேவையில்ல, அவ்வளவுதான்."

கபடி மாதிரியா? முதல் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். ஒரு பக்கத்துக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடியும் நாலு வாய்ப்பு. முன்னேற விடாமல் தடுப்பது இவருடைய பக்கத்து வேலை. எனக்கே இவ்வளவு புரிந்துவிட்டது. இவருக்குப் புரிந்ததா என்று சந்தேகமாக இருந்தது. கபடியில் ஒருவன் பாடி வந்தால் பின்வாங்கி, அவனை உள்ளே வரவிட்டு, அப்புறம் மடக்க வேண்டும். இவர் அதே மாதிரி பின்னால் நகர்ந்து நகர்ந்து இடம் கொடுத்தார். எதிரணிக்காரன் இலவசமாகக் கிடைத்த இடத்தில் ஓடினான். கோச் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். இதுகூடப் பரவாயில்லை. கபடியில் பக்கத்தில் நிற்பவனின் கையைக் கோத்துக்கொண்டு சங்கிலியாக நிற்பார்கள் இல்லையா, அந்தப் பழக்கத்தில், ஆட்டம் தொடங்கும் நேரத்தில் பக்கத்தில் நின்ற ஆறரை அடி தென்னாப்பிரிக்கக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் குனிந்து தன் கையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பாவம், உதறவும் இல்லை. நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன்.

பிறகு கற்றுக்கொண்டார். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. இரண்டாவது வருடம் அவரைத் தாண்டி ஓடுவது யாருக்கும் சுலபமாக இல்லை. முப்பது வயதைத் தாண்டி ஒருவர் முற்றிலும் புதிய ஆட்டத்தைக் கற்று, அதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுப்பது சாதாரண விஷயமல்ல. எனக்கும் பெருமைதான். ஆனால் பெருமைப்பட நேரம் எங்கே இருந்தது? வீடு முழுக்கத் தோள்பட்டைக் கவசம், முழங்கால் கவசம். பயிற்சி முடிந்து வந்து அவற்றைப் பால்கனியில் காயப் போட்டால், பக்கத்து பிளாட் மலையாளி அக்கா ஜன்னலைச் சாத்திவிடுவார். ஃபிரிட்ஜைத் திறந்தால் அவித்த முட்டை. அடுப்பில் மறுபடியும் முட்டை அவிகிறது. நான் ஊருக்குப் போகலாம் என்று லீவு போட்டால் அந்த வாரம் ஆட்டம் இருக்கும். ஆட்டம் இல்லாத வாரம் எனக்கு லீவு இருக்காது.

இதெல்லாம் கடுப்பு. கடுப்போடு குடும்பம் நடத்தலாம். ஆனால் தலை விஷயம் வேறு.

கவசத் தொப்பி ஒன்று போடுவார்கள், முகத்துக்கு முன்னால் கம்பி வைத்தது. அதைப் போட்டதிலிருந்து தன் தலை இரும்பாகிவிட்டது என்று இவர் நம்பினார். கபடியில் பிடிக்கப் போகும்போது தலையை ஒதுக்கிக்கொண்டுதான் விழுவார். இதில் தலையை முன்னால் நீட்டிக்கொண்டு போய் விழுந்தார். அப்படிப் போகாதே என்று கோச் ஒவ்வொரு பயிற்சியிலும் கத்தினார். நானும் சொன்னேன். நான் தினமும் சாரத்திலிருந்து விழுந்தவர்களையும் வண்டியில் அடிபட்டவர்களையும் பார்க்கிறவள். தலையில் ரத்தமே வராமல், நடந்தே உள்ளே வந்து, என் பெயர் என்ன சிஸ்டர் என்று என்னிடமே கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"ஹெல்மெட் போட்டிருக்கேன்ல" என்பார்.

"ஹெல்மெட்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. உள்ள இருக்கிறதுதான் ஆடும்."

"உள்ள ஒண்ணும் இல்லன்னு நீதானே எப்பவும் சொல்லுவ."

இப்படிச் சிரித்துப் பேசுகிறவரிடம் என்னதான் செய்வது?

மூன்றாவது வருடம் தோஹாவில் ஆடப் போயிருந்தபோது அடிபட்டது. நான் போகவில்லை. அழைத்து வர விமான நிலையத்துக்குப் போனேன். வெளியே வந்தவர் என் பை எங்கே என்றார். தோளில்தான் மாட்டியிருந்தார். காட்டினேன். கார் நிறுத்துமிடம் வரை நடந்தோம். என் பை எங்கே என்றார். காரில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் கேட்டார். வீட்டுக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்கு ஓட்டினேன். மூளை அதிர்ந்திருக்கிறது, ரத்தக் கசிவு இல்லை, ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். குணமாவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் நிலைமை மோசமாகலாம், குணமான பிறகும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதை அவரிடம் சொன்னார். கேட்டுக்கொண்டது நான் மட்டும்.

அணியில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் பிசியோதெரபிஸ்டாக இருந்தார். பொறுப்பான பெண். தலையில் அடிபட்ட யாரையும் அவர் சோதிக்காமல் மைதானத்துக்குள் விட மாட்டார்கள். சோதனை பெரிய விஷயமில்லை. இது எந்த ஊர், இப்போது எத்தனைக்கு எத்தனை, கடைசியாக யார் புள்ளி எடுத்தது என்று கேட்பார். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார், ஆங்கிலத்தில், டிசம்பரில் தொடங்கி. தோஹாவுக்குப் பிறகு இவர் இந்த மாத விஷயத்தில் திரும்பத் திரும்பச் சிக்கினார். செப்டம்பருக்குப் பிறகு ஜூலைக்குத் தாவுவார், திரும்பி வருவார், விழிப்பார். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு உட்கார வைத்துவிடுவார். வாரக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த வாரங்களில் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இவருக்கு அது அவமானமாகிவிட்டது. "தலை நல்லாத்தான் இருக்கு. மாசத்தைத் தலைகீழாச் சொல்லத் தெரியல, அதுக்குப் போய் ஒக்கார வைக்கிறா. ஒழுங்காக் கேட்டாலே எனக்கு இங்கிலீஷ் மாசம் தடுமாறும்" என்று பொருமினார். அதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றுதான் நானும் நினைத்தேன். கொஞ்ச நாளில் தேறினார், பை கேட்பது நின்றது, தலைவலி போனது. டாக்டரும் சரி என்றார். மறுபடியும் ஆடப் போனார். ஒரு நிபந்தனை போட்டேன். இந்த வருட ஆட்டங்கள் முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். சரி என்று என் தலையில் கை வைத்துச் சொன்னார். தன் தலையில் கை வைக்கும் துணிச்சல் இல்லை போலிருக்கிறது.

அப்புறம்தான் நான் கவனித்தேன். குளிக்கும்போது ஏதோ முணுமுணுப்பார். கார் ஓட்டும்போது உதடு அசையும். வெங்காயம் நறுக்கும்போது கத்தியின் தாளத்துக்குச் சேர்ந்து ஏதோ வரும். மந்திரம் ஏதாவது சொல்கிறாராக்கும், அடிபட்ட பிறகு பக்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் துபாய் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். டிசம்பர், நவம்பர், அக்டோபர், செப்டம்பர், ஆகஸ்ட். மூச்சு விடாமல், ஒரே ஓட்டமாக, ஜனவரி வரை. முடித்ததும் மறுபடியும் டிசம்பர். கபடி பாடுகிற அதே மூச்சு.

"என்னங்க இது?"

"மனப்பாடம் பண்ணிட்டேன்." முகத்தில் அப்படி ஒரு பெருமை. "இனிமே எவ்வளவு அடி விழுந்தாலும் வரும். தூக்கத்துல கேட்டாலும் வரும். வேணும்னா கேட்டுப் பாரு."

எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. நாங்கள் படித்த பள்ளிக்கூடங்களில் வரலாறும் மனப்பாடம், அறிவியலும் மனப்பாடம், அழகாகக் கட்டுரை எழுதுக என்றால் அதுவும் மனப்பாடம்தான். எந்தச் சோதனையாக இருந்தாலும் உருப்போட்டு ஒப்பித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்பது ரத்தத்தில் ஊறியிருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார் பாருங்கள்.

"இது பரீட்சை இல்லங்க. அந்தப் பொண்ணு உங்களுக்கு மார்க் போடறதுக்காகக் கேக்கல. மூளை யோசிக்குதான்னு பாக்கறதுக்காகக் கேக்குது. உருப்போட்டா என்ன அர்த்தம்?"

"பாஸ் பண்ணிட்டேன்னு அர்த்தம்."

"அடிபட்டிருந்தாக்கூட யாருக்கும் தெரியாமப் போயிடும்னு அர்த்தம்!"

"நீ சும்மா இரு. இன்னும் கொஞ்சம் ஆட்டம்தான் இருக்கு. அவகிட்டப் போயி ஒளறிடாத."

நான் ஒரு நர்ஸ். அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இவர் என்னோடு பேச மாட்டார், ஆட்டம் முடிகிற காலமாகிவிட்டது, அதற்குள் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டேன். வீட்டில் சண்டை வேண்டாம் என்று பெண்கள் போடும் கணக்குதான். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் டியூட்டியை மாற்றிக்கொண்டு, தடுப்புக் கம்பியை ஒட்டி முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். மைதானத்தில் எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். நான் அவர் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி ஆட்டம் எங்கள் ஊரில், தம்மாம் அணியோடு. ஜெயித்தால் கோப்பை. முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். சனையாவிலிருந்து இவருடைய பழைய கூட்டாளிகள் ஒரு பஸ் பிடித்து வந்து, ஆட்டம் என்னவென்றே தெரியாமல் விசிலடித்தார்கள். இவர் அன்று ஆடிய ஆட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தம்மாம் அணியில் கன்றுக்குட்டி கனத்துக்குத் தொடை வைத்த ஒருவன் இருந்தான். அவனிடம் பந்தைக் கொடுத்தால் மூன்று பேரை இழுத்துக்கொண்டு ஓடுவான். அவனை இவர் ஒற்றை ஆளாகச் சாய்த்துக்கொண்டே இருந்தார். நான்கூட எழுந்து நின்று கைதட்டினேன். நாங்கள் கொஞ்சம் முன்னால் இருந்தோம். ஆட்டம் முடியப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த நேரம் அது.

அவன் மறுபடியும் வந்தான். இவர் தலையை முன்னால் நீட்டிக்கொண்டு போனார். அவனுடைய முழங்கால் இவருடைய தலையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. விசில் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள். அவன் எழுந்தான். இவரும் எழுந்தார். கூட்டம் கத்தியது. இவர் மெதுவாக நடந்து போய், மஞ்சள் சட்டை போட்ட தம்மாம்காரர்கள் நின்ற வரிசையில் நின்று, பக்கத்தில் நின்றவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் சிரித்தது. சனையாக் கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதிரணிக்காரனைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தார்கள். நான் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கோச் சிரிக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி இவரை வெளியே அழைத்தார். பிசியோ பெண் ஓடிவந்து, எனக்கு நேர் முன்னால், கம்பிக்கு அந்தப் பக்கம் இவரை நிற்க வைத்துக் கேட்டார். இது எந்த ஊர்? அல் ஐன். எத்தனைக்கு எத்தனை? சரியாகச் சொன்னார். ஒவ்வொரு முறை புள்ளி மாறும்போதும் அதையும் உருப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒற்றைக் காலில் நின்றார். நின்ற காலை ஆடாமல் வைத்திருப்பது கபடிக்காரருக்குப் பெரிய காரியமா? மாதங்கள்? டிசம்பர், நவம்பர், அக்டோபர், ஒரு சொல் தடுக்காமல் ஜனவரி வரை ஓடியது. அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. கோச்சைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினார். இவர் தொப்பியின் வாரை இறுக்க ஆரம்பித்தார்.

"இல்ல! விடாதீங்க!" என்று நான் கத்தினேன். பதற்றத்தில் ஆங்கிலம், ஹிந்தி எல்லாம் கலந்து வந்தது. அவர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார், அது நிஜமில்லை, உள்ளே விடாதீர்கள் என்றேன். பிசியோ பெண் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் என்னை முறைத்தார். முறைக்கத் தெரிகிறதே, ஒருவேளை சரியாகத்தான் இருக்கிறாரோ என்று ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நான் ஒண்ணு கேக்கறேன். அதுக்குச் சரியாச் சொல்லிட்டுப் போங்க" என்றேன். "கிழமையைப் பின்னாலேருந்து சொல்லுங்க. தமிழ்ல. சனிலேருந்து."

"இது என்ன புள்ள, சின்னப் புள்ளைகிட்டக் கேக்கற மாதிரி."

"சொல்லுங்க."

"சனி" என்றார். "வெள்ளி." நின்றார். கண் எங்கேயோ போனது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்புறம், வழி கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி முகம் மலர்ந்து, "நவம்பர், அக்டோபர், செப்டம்பர்" என்று ஓட ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. ஜனவரி வரை போய், போதுமா என்பது போல் என்னைப் பார்த்தார்.

பிசியோ பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. நவம்பர் தெரியும். அவர் இவருடைய தொப்பியைக் கழற்றினார். ஆட்டக்காரர் திரும்ப உள்ளே ஓடிவிடக் கூடாது என்றால் தொப்பியைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிடுவது அவர்கள் வழக்கம். ஒளிக்க இடம் தேடி, கம்பிக்கு மேலாக என்னிடம் நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே வியர்வையில் சொதசொதவென்று சூடாக இருந்தது.

ஆட்டம் தொடர்ந்தது. இவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். எழுந்து எழுந்து என்னிடம் வந்தார்.

"புள்ள, ஹெல்மெட்டக் குடு."

"மாட்டேன்."

"கடைசி வாய்ப்புடி. அவன் என் எடத்துலதான் வருவான். குடுடி."

"மாட்டேங்க. ஒக்காருங்க."

அவன் அந்த இடத்தில்தான் வந்தான். இவருக்குப் பதிலாக நின்றிருந்தவர் அவனைத் தொட்டார், பிடிக்க முடியவில்லை. அவன் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டான். தம்மாம்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி விழுந்து ஆடினார்கள். சனையாக் கூட்டாளிகள் விசிலை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் தொப்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். கசிவு இல்லை. ஆனால் முன்பைவிடப் பலமான அதிர்ச்சி, இனி இந்த ஆட்டம் கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னார். இம்முறை கோச்சையும் பக்கத்தில் நிற்க வைத்துச் சொன்னார். கட்டிலில் படுத்திருந்த இவர் என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "நாம ஜெயிச்சோமா?"

நான் உண்மையைச் சொன்னேன். தோற்றுவிட்டோம் என்றேன். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்தார். முகம் தெளிவாக இருந்தது. "ஏய், நாம ஜெயிச்சோமா?" என்றார்.

மருத்துவமனையில் இருந்த இரண்டு நாளும் எப்படிப் போயிற்று என்று சொன்னால் யாருக்கும் புரியாது. சாப்பிடும்போது கேட்டார். மாத்திரை கொடுக்கும்போது கேட்டார். கேட்ட ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதிய செய்தி. ஒவ்வொரு முறையும் புதிதாக உடைந்து போனார். நான் மட்டும் எல்லா முறையும் சேர்த்துச் சுமந்தேன். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று டாக்டர்கள் சொன்னார்கள், நாளாக நாளாகச் சரியாகும் என்றார்கள், எப்போது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த முதலாளி மேல், அந்த வழியாக நடக்க வந்த கோச் மேல், மனப்பாடம் பண்ணச் சொல்லிக்கொடுத்த எங்கள் வாத்தியார்கள் மேல், இந்த மனிதர் மேல். பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, காலையில் கண் விழித்ததும் மறுபடியும் கேட்டார். "நாம ஜெயிச்சோமா?"

என்னால் முடியவில்லை. "ஜெயிச்சுட்டோம்ங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார்.

"பொய் சொல்லாத" என்றார். "தோத்துட்டோம். நீ என் ஹெல்மெட்ட மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்த. நான் வந்து கேட்டேன். நீ குடுக்கல."

அவர் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தார். அன்று பகல் முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டார், எடுத்தால் விட்டுவிட்டார். கோச் போன் செய்தபோது என் காதுபடவே, "என் பொண்டாட்டிதான் தோக்க வச்சா" என்றார். நான் சமையலறையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வலித்தது. வலிக்காமல் என்ன? ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இந்தக் கோபம் நாளைக்கு இருக்குமா என்பதுதான் அது. ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் இதுவும் அழிந்துபோய், மறுபடியும் ஜெயித்தோமா என்று ஆரம்பித்துவிட்டால்?

மறுநாள் காலை டீ போட்டுக் கொண்டுபோனேன். அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். கேட்கப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வச்சிட்டுப் போ" என்றார். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டீயை வைத்துவிட்டு வந்தேன். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நின்று அழுதேன். கோபம் அப்படியே இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க அவருக்குள் அழியாமல் இருந்திருக்கிறது.